எண்ணெய் அழுத்தம் ஏறினால் எஞ்சினுக்கு நலமா?



தோட்டத்துச் செடிகளுக்கு ரப்பர்க் குழாயால் நீர் விடும்போது நாம் எல்லோருமே செய்து பார்த்த வேடிக்கை ஒன்று உண்டு. குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால், அதுவரை காலடியில் வழிந்துகொண்டிருந்த நீர் பீறிட்டுக்கொண்டு மதிற்சுவர் வரை பாயும். குழாயும் கைக்குள் விறைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். முன்பு விழுந்ததைவிடக் குறைவான நீர்தான் விழுந்திருக்கும். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. அழுத்தம் என்பது, ஓட விரும்பும் நீருக்கு வழியில் எவ்வளவு தடை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஓர் அளவு.

காரின் எஞ்சினுக்குள் ஓடும் மசகு எண்ணெய்க்கும் இதே விதிதான். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஆபத்து என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அழுத்தம் அளவுக்கு மீறி ஏறினால் என்ன என்று கேட்டால், பலர் சிரித்துக்கொண்டே "நல்லதுதானே, எஞ்சின் கெட்டியாக இருக்கிறது" என்பார்கள். டர்போ பொருத்திய எஞ்சினில் இந்தப் பதில் வீட்டுக்காரரின் பையைக் காலி செய்துவிடக்கூடியது. அது ஏன் என்று சற்று விரிவாகக் காண்போம்.

எஞ்சினின் அடியில் ஒரு தொட்டி, அதில் எண்ணெய். பம்ப் அதை உறிஞ்சி, பில்டர் வழியாக மேலே அனுப்புகிறது. அங்கிருந்து அது சிறு சிறு துளைகளின் வழியே கிராங்க் ஷாப்டின் பேரிங்குகளுக்கும், வால்வுகளை இயக்கும் ஷாப்டுக்கும், டர்போவுக்கும் சென்று, வேலை முடிந்ததும் தானாக வழிந்து மீண்டும் தொட்டிக்கே வந்து சேர்கிறது. இந்த பம்ப் ஒரு பிடிவாதக்காரி. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு எண்ணெய் என்று தள்ளியே தீரும். எஞ்சின் இரு மடங்கு வேகமாகச் சுற்றினால் எண்ணெயும் இரு மடங்கு வரும். துளைகளோ அதே துளைகள். வந்த எண்ணெய் முழுவதும் எங்கே போவது? அதற்காகத்தான் ரிலீப் வால்வு என்ற ஒன்றை வழியில் வைத்திருக்கிறார்கள். ஒரு சிறு உருளை, அதன் பின்னே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும் உருளை பின்னுக்குத் தள்ளப்பட்டு, பக்கத்திலுள்ள துளை திறந்து, மிகுதியான எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும். அம்மாவின் பிரஷர் குக்கர் மேல் உட்கார்ந்திருக்கும் வெயிட் செய்யும் வேலையேதான் இது. வெயிட்டின் துளையில் ஒரு பருப்புத்தோல் அடைத்துக்கொண்டால் சமையலறையில் என்ன நேரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி டர்போவைப் பார்ப்போம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகத்தானே போகிறது. அதைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கே ஊட்டினால் என்ன? இந்த எண்ணத்துக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். இன்று சாலையில் ஓடும் டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றிலும், சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் அது இருக்கிறது. பள்ளி வாசலில் காத்து நிற்கும் பேருந்திலும் இருக்கக்கூடும்; ஓட்டுநர் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. ஒரு பக்கம் செந்தணலாகக் காயும் புகை, மறு பக்கம் காற்று. நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி அச்சு சுழல்கிறது. இந்த எண்ணெய் இரு புறமும் கசியாமல் இருக்க ரப்பர் வளையம் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் அது கருகிவிடும். எனவே மெல்லிய உலோக வளையங்களையே வைத்திருக்கிறார்கள். அவை தண்ணீர்க் குழாயை இறுக மூடும் வாஷரைப் போன்றவை அல்ல. உள்ளே வந்த எண்ணெய் தேங்காமல் கீழே வழிந்துவிட்டால்தான் அவற்றால் காவல் காக்க இயலும். தேங்கினால் தோற்றுவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"அழுத்தம் கூடினால் பாதுகாப்பு கூடும்" என்ற எண்ணம் எங்கே பிழைக்கிறது? இதற்கு விடை தந்த ஒரு சோதனை 1880-களில் இங்கிலாந்தில் நடந்தது. ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வை அளக்க முற்பட்ட பீச்சம் டவர் என்பவர், எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டிருந்தார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை வைத்து அடைத்தார்; அதுவும் மெல்ல வெளியே வந்தது. வியப்புடன் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அதன் முள் எல்லையையே தாண்டிவிட்டது. இத்தனைக்கும் பேரிங்கின் மீதிருந்த சுமை சராசரியாக 100 பவுண்டுதான். பம்ப் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை! சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து, ஆப்புப் போன்ற இடுக்கில் திணித்து, தன்னைத் தாங்கும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

ஆகவே எஞ்சினைத் தாங்குவது பம்பின் அழுத்தம் அன்று. பம்பின் கடமை, எண்ணெயை இடைவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், சூடேறிய எண்ணெயை வெளியேற்றிப் புதிய எண்ணெயை நிரப்புவதுமே. அதற்குப் போதிய அழுத்தம் இருந்தால் சரி. ஓட்டத்தில் ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. துல்லியமான விதியன்று, ஆனால் கைக்கணக்குக்கு உதவும். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் பம்புக்கு வீண் சுமையும் பில்டருக்கு ஆபத்துமே.

எண்ணெய் பில்டரின் மேலுறை மெல்லிய தகரம். அழுத்தம் மிகுந்தால் அது பூரி போல் உப்பும், அல்லது அடியிலுள்ள ரப்பர் வளையம் பிதுங்கிவிடும். பிதுங்கிய மறுகணம் தொட்டியிலுள்ள எண்ணெய் எல்லாம் சாலையில். அளவுக்கு மீறிய அழுத்தம் சில நொடிகளில் அழுத்தமே இல்லாத நிலைக்குக் கொண்டுபோய் விடும் விந்தை இது. இன்னொரு வேதனையும் உண்டு. பெரும்பாலான கார்களில் இருப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே. அழுத்தம் மிகவும் தாழ்ந்தால்தான் அது எரியும். ஏறினால் வாயே திறக்காது. தனியாக அழுத்தமானி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த நோய் கண்ணில் படுகிறது.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் 4ஜி63 என்ற இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின். அமெரிக்காவில் எக்லிப்ஸ் காரிலும், 1992 முதல் வந்த லான்சர் எவல்யூஷன் கார்களின் முதல் ஒன்பது தலைமுறைகளிலும் இருந்தது இதுவே. (நம் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரான லான்சரில் இருந்தது இந்த டர்போ எஞ்சின் அன்று.) நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு இயல்பாகவே ஓர் அதிர்வு உண்டு. அதை அடக்க, கிராங்க் ஷாப்டைப் போல் இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சமன் ஷாப்டுகளை வைக்கலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லாங்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் கண்டார். மிட்சுபிஷி அதை 1970-களில் செம்மைப்படுத்தியது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமே தன் 944 காருக்காக அதற்கு உரிமத்தொகை கொடுத்தது என்றால் பாருங்கள்.

4ஜி63-இல் ஒரு சமன் ஷாப்ட் எண்ணெய் பம்போடு இணைந்து சுற்றுகிறது. மற்றது ஒரு சிறு பெல்ட்டால் சுற்றுகிறது. அந்தச் சிறு பெல்ட் அறுந்தால் பக்கத்திலுள்ள பெரிய பெல்ட்டில் சிக்கி, வால்வுகள் பிஸ்டனில் மோதி, எஞ்சினே சிதையும். இதற்கு அஞ்சிய கார் ஆர்வலர்கள் பலர் சமன் ஷாப்டுகளையே கழற்றிவிட்டார்கள். அவற்றின் பேரிங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்த எண்ணெய்த் துளைகளையும் முறைப்படி அடைத்தார்கள். அதன் பிறகுதான் வந்தது வினை. அத்தனை எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்த இரண்டு வாய்கள் மூடிவிட்டன. பம்போ பழைய அளவையே தள்ளுகிறது. ரிலீப் வால்வின் கழிவுத் துளை இந்த மிகுதியைச் சுமக்கும்படி அமைந்ததன்று. காலையில் எஞ்சினைக் கிளப்பினால் முள் 100 பவுண்டைத் தாண்டி, மானியின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். குறையில்லாத ஒருவரிடம் குறை கண்டு திருத்தப் போனால் இப்படித்தான். அந்தச் சிறு பெல்ட்டைக் காலத்தில் மாற்றியிருந்தால் போதுமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பந்தய மோகம் யாரை விட்டது!

சரி, முள் உச்சியில் நிற்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் நோயாளியைச் சந்தேகிக்காமல் வெப்பமானியைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் ஓடாதபோது முள் பூச்சியத்தில் இருக்க வேண்டும். அப்போதே ஏறி நின்றால் கோளாறு எண்ணெயில் இல்லை. மானியிலோ, அதற்குச் செய்தி அனுப்பும் சென்சரிலோ, அறுந்த கம்பியிலோ இருக்கிறது. பூச்சியம் காட்டினாலும் முழுவதும் நம்பிவிட முடியாது. மின்சார மானியை ஒதுக்கிவிட்டு, சென்சரைக் கழற்றிய இடத்தில், எண்ணெயின் அழுத்தத்தாலேயே முள் நகரும் சாதாரண மானியைத் திருகி அளப்பதே முறை. இந்த ஒரு படியிலேயே பாதி வழக்குகள் தள்ளுபடியாகிவிடும் என்பார்கள் அனுபவசாலிகள்.

அடுத்தது சூடு. குளிர்ந்த எண்ணெய் வெல்லப்பாகு போல் தடித்திருக்கும். அப்போது அழுத்தம் ஏறித்தான் இருக்கும். அது நோயன்று. இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: டாஷ்போர்டில் தெரியும் வெப்பமானி நீரின் சூட்டைக் காட்டுவது. நீர் சூடேறிய பின்னும் எண்ணெய் சூடேற மேலும் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே வண்டியை இருபது நிமிடமாவது சாலையில் ஓட்டிவிட்டு வந்து அளக்க வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது ஓர் அளவு, 3,000 சுற்றில் ஓர் அளவு. இரண்டையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சூடேறிச் சும்மா ஓடும் 4ஜி63-க்கு 11 பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தாலே போதும் என்கிறது தயாரிப்பாளரின் கையேடு. எவ்வளவு சிறிய எண், பாருங்கள்!

அந்த இரண்டு எண்களும் நிறையப் பேசும். சும்மா ஓடும்போது இயல்பாக இருந்து, வேகம் கூடக் கூட அழுத்தமும் எல்லையின்றி ஏறிக்கொண்டே போனால், ரிலீப் வால்வு திறக்கவில்லை, அல்லது திறந்தும் அதன் துளை போதவில்லை என்று பொருள். ஓரளவு வரை ஏறி, பிறகு அங்கேயே நிலைத்து நின்று, அந்த நிலையே மிக உயரத்தில் இருந்தால் வால்வு வேலை செய்கிறது. ஸ்பிரிங்தான் தேவைக்கு மேல் கடினமானது. யாரேனும் பின்னால் ஒரு வாஷர் வைத்து இறுக்கியிருக்கவும் கூடும். சும்மா ஓடும்போதே, அதுவும் நன்றாகச் சூடேறிய பிறகும், அழுத்தம் மிகுந்திருந்தால் எண்ணெயே தடித்தது, அல்லது வழியில் எங்கோ அடைப்பு.

எண்ணெயைச் சோதிப்பது எளிது, செலவும் குறைவு. டப்பாவின் மேல் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்குமல்லவா? டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். பின்னால் வரும் எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எண்ணெயின் தடிமனைக் குறிக்கும். 50 என்ற எண்ணெய் 30 என்ற எண்ணெயைவிட அந்தச் சூட்டில் ஒன்றரை மடங்குக்கும் மேல், ஏறத்தாழ இரு மடங்கு தடித்தது. "பழைய வண்டிக்குக் கெட்டி எண்ணெய் நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊற்றியிருந்தால், கையேட்டில் உள்ளதை ஊற்றிப் பாருங்கள்; அதோடு நோய் தீர்ந்தாலும் தீரும்.

எண்ணெய் சரியென்றால் ரிலீப் வால்வைக் கழற்ற வேண்டும். 4ஜி63-இல் அது பில்டர் பொருந்தும் உலோகப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. உருளை தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். பிசின் போன்ற அழுக்கோ, முன்பு எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே விழுந்த காஸ்கட் துண்டோ, ஒரு சிறு கீறலோ அதைப் பிடித்துக்கொள்ளப் போதும். மண்ணெண்ணெயில் கழுவி, கீறலை மெல்லத் தேய்த்து, மீண்டும் போட்டுப் பார்ப்பார்கள். வால்வு மாசற்றதாக இருந்தும் அழுத்தம் இறங்கவில்லையென்றால், சமன் ஷாப்ட் நீக்கிய எஞ்சின்களில் அந்தக் கழிவுத் துளையைச் சற்றே அராவி அகலப்படுத்துவதே வழக்கம். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவதும் ஒரு வழி என்று சிலர் செய்வதுண்டு. அது வேண்டாம். துளை சிறிதாக இருப்பதற்கு ஸ்பிரிங் என்ன செய்யும்? குக்கரின் ஆவித்துளை போதவில்லையென்றால் வெயிட்டைச் செதுக்கிப் பயனில்லை.

இனி, எல்லாவற்றிலும் மோசமான வகை. புதிதாகப் பிரித்துக் கட்டிய எஞ்சினில், தவறான காஸ்கட் ஒரு எண்ணெய்த் துளையை மூடிவிட்டால், பில்டர் அருகே உள்ள மானி "அழுத்தம் அமோகம்" என்று காட்டும். அடைப்புக்கு அப்பால் உள்ள உறுப்புகள் எண்ணெய் காணாமல் தவிக்கும். விரலால் மூடிய தோட்டக் குழாய் நினைவுக்கு வருகிறதா? இதைப் பிடிக்க ஒரே வழி இரண்டு இடங்களில் அளப்பது: பில்டர் அருகே ஒன்று, சிலிண்டர் ஹெட்டில் ஒன்று. ஹெட்டில் இயல்பாகவே குறைவாகத்தான் இருக்கும். ஆனால் முதலாவது உச்சியிலும் இரண்டாவது தரையிலும் இருந்தால், எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். எக்லிப்ஸ் காரில் டர்போவுக்கு எண்ணெய் போவது அந்த ஹெட்டிலிருந்துதான். டர்போவின் குறுகிய எண்ணெய்க் குழாயிலேயே கரி படிந்து அடைப்பதும் உண்டு. வேகமாக ஓட்டி வந்த கையோடு எஞ்சினை நிறுத்தினால், உள்ளே நின்றுவிட்ட எண்ணெய் டர்போவின் சூட்டில் கருகி, நாளடைவில் ரத்தக் குழாயில் கொழுப்புப் போல் படிகிறது.

டர்போவில் எண்ணெய் மிகுந்தால் தெரியும் அடையாளம் நீலப் புகை. உள்ளே தேங்கிய எண்ணெய் உலோக வளையங்களைத் தாண்டிக் காற்றிலும் புகையிலும் கலந்து எரிகிறது. டீசல் வண்டியில் இது உயிருக்கே ஆபத்தானது; கசிந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் எஞ்சின் தறிகெட்டு ஓடலாம். ஆனால் நீலப் புகை கண்டதும் "டர்போ போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். அழுத்தத்தை அளந்தீர்களா? டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் அகலமாக, மடங்காமல், நேரே கீழ்நோக்கி இருக்கிறதா? எஞ்சின் மூச்சுவிடும் குழாய் அடைத்திருக்கிறதா? எண்ணெய் தன் எடையால் வழிந்துதான் திரும்ப வேண்டும். தொட்டிக்குள் காற்று அடைபட்டு அழுத்தம் ஏறியிருந்தால் எண்ணெய் இறங்க மறுக்கும். இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருந்தால், பெருந்தொகை கொடுத்து வாங்கிய புது டர்போவும் அடுத்த நாளே அதே நீலப் புகையைக் கக்கும்.

பேரிங்குக்குப் பதில் சிறு குண்டுகள் மீது சுழலும் டர்போக்களும் உண்டு. அவற்றுக்குத் தேவைப்படும் எண்ணெய் மிகக் கொஞ்சம். ஆகவே வரும் குழாயில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பு ஒன்றைப் பொருத்துவார்கள். சாதாரண டர்போவுக்கு இதைப் போட்டால் அது பட்டினி கிடந்து சாகும். குண்டு டர்போவுக்குப் போட மறந்தால் அது மூழ்கிப்போகும். எது எந்த வகை என்று கேட்டறியாமல் கை வைக்கக் கூடாது.

பழுது பார்த்து முடிந்ததும் புதிய பில்டரைப் போடுமுன், பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், இயல்பான அழுத்தத்திலேயே பிதுங்கிவிடும். பிறகு எஞ்சினைக் கிளப்பி, வேகத்தைக் கூட்டாமல், எண்ணெய் சூடேறும்வரை ஒருவர் மானியையும் மற்றவர் பில்டரின் அடிப்பாகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் குறித்து வைத்த தாளை எடுத்து, அதே இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின், அதே இரண்டு வேகங்களில், பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே புதிய எண்களை எழுதிப் பாருங்கள்.